கர்த்தருடைய வேளை வரும்வரை என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம் இதுதான். கேட்டவருக்கு வயது 31. எம்.ஏ., பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியாயிற்று. அரசுப் பள்ளி வேலை இன்னும் வரவில்லை. சொந்த ஊரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார். வீட்டில் பல வருஷமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எதுவும் அமையவில்லை. புத்தாண்டு ஆராதனையில் அவர் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. இப்போது வருஷமும் முடியப்போகிறது. "எல்லாரும் கர்த்தருடைய வேளை வரும், காத்திரு என்கிறார்கள். அதுவரைக்கும் நான் என்ன செய்வது? என்னைக் குறித்துத் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா? இல்லை, என் விசுவாசம்தான் குறைவா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை அதிகமாக வாட்டுவது அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. வேலை வராததும் வரன் அமையாததும் உங்கள் விசுவாசத்துக்குப் போட்ட மார்க் இல்லை. வேதாகமத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே சகரியாவையும் எலிசபெத்தையும் காட்டுகிறார். இருவரும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், கற்பனைகளின்படி குற்றமற்றவர்களாய் நடந்தவர்கள் என்று சொல்கிறார். அடுத்த வரியிலேயே அவர்களுக்குப் பிள்ளை இல்லை, இருவருக்கும் வயதாகிவிட்டது என்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத லூக்காவுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நமக்குத்தான் இருக்கிறது. ஆகவே "ஏதாவது மறைவான பாவம் இருக்கும், யோசித்துப் பார்" என்று யாராவது சொன்னால், யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தான் சொன்னார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்பட்டது யோபின்மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள்மேல்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டிலிருந்து கண்ணை மூடி ஒரு அட்டையை எடுத்து, வீட்டுக்குப் போய் பீரோ கண்ணாடியில் சொருகிவைக்கிற வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எத்தனையோ பேரை அந்த ஒரு வசனம் வருஷம் முழுக்கத் தாங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வசனத்தை அட்டை அளவுக்கு வெட்டி எடுக்கும்போது அதற்கு முன்னும் பின்னும் இருந்தது விடுபட்டுப்போகிறது. எரேமியா 29:11 விஷயத்தில் அப்படி விடுபட்டதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." இது எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கடிதம் யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்தால் இதன் கனமே மாறிவிடும்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் எகொனியா ராஜாவையும் அவனோடு சுமார் 10,000 பேரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். பிரபுக்கள், போர்வீரர்கள், தச்சர், கொல்லர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஊரில் மிஞ்சியது ஏழைகள்தான். போனவர்களுக்கு ஒரே கேள்வி: எப்போது திரும்புவோம்? அதற்குப் பதில் சொல்ல ஆட்களும் இருந்தார்கள். எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். ஆலயப் பாத்திரங்கள், எகொனியா, சிறைப்பட்டுப்போன அத்தனை பேரும் திரும்புவார்களாம். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறான்.

அதற்கு எரேமியா சொன்ன முதல் வார்த்தை "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. அனனியாவின் வார்த்தை பொய் என்பதையும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

இதே காலகட்டத்தில்தான் எரேமியா பாபிலோனுக்குக் கடிதம் எழுதுகிறார். எகொனியாவுக்குப் பின் யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதுவர்களான எலெயாசாவும் கெமரியாவும் அதைக் கொண்டுபோனார்கள். சின்னத் தூரமில்லை. பிற்காலத்தில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேம் வர நான்கு மாதம் பிடித்தது. அவ்வளவு தூரம் பிரயாணம் பண்ணி வந்த கடிதத்தைப் பிரித்தவர்கள் அதில் தேடியிருப்பது திரும்பிப்போகும் தேதியைத்தான். கடிதமோ இப்படித் தொடங்குகிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணி வையுங்கள். பிறகு 7-ஆம் வசனம்: நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருந்தால் உங்களுக்கும் சமாதானமிருக்கும். 10-ஆம் வசனத்தில்தான் தேதி வருகிறது. எழுபது வருஷம்.

அந்த எழுபதை எங்கிருந்து எங்கே எண்ணுவது என்பதில் வேத அறிஞர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு உண்டு. பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539-ல், இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தது கி.மு. 516 வாக்கில். எப்படி எண்ணினாலும், கடிதத்தை முதன்முதலில் வாசித்த முப்பது நாற்பது வயதுக்காரர்களில் பெரும்பாலானோர் எருசலேமைத் திரும்பப் பார்க்கவே போவதில்லை. 11-ஆம் வசனம் அவர்களுக்குத்தான் எழுதப்பட்டது. "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்" என்று கர்த்தர் சொன்னது, பாபிலோனிலேயே செத்து அங்கேயே அடக்கம்பண்ணப்படப் போகிறவர்களைப் பார்த்தும்தான்.

இதை வாசித்ததும் எல்லாருக்கும் மனம் நிறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். செமாயா என்று ஒருவன் பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் கோபமாக எழுதினான். இது நெடுங்காலமாகும், வீடு கட்டுங்கள் என்று எழுதுகிற இந்த ஆளை ஏன் இன்னும் கண்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று ஆசாரியனைக் கேட்டான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி மூட்டையைக் கட்டி வைத்திருப்பவனிடம் வீடு கட்டச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் கீழ்ப்படிந்தவர்களும் இருந்தார்கள். இது வேதாகமத்துக்கு வெளியேயும் தெரிகிறது. பாபிலோன் தேசத்தில் யூதா ஊர் என்றே பெயர் வைக்கப்பட்ட ஒரு குடியிருப்பையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த களிமண் பலகைகள் சுமார் 200 கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது, அதாவது எருசலேம் ஆலயம் எரிக்கப்பட்டுப் பதினைந்து வருஷத்துக்குள். ஜெபமோ தீர்க்கதரிசனமோ எதுவும் அதில் இல்லை. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு வாற்கோதுமை கொடுக்க வேண்டும், இந்த நிலம் குத்தகை, இவ்வளவு பேரீச்சம்பழம் வரி என்று எல்லாமே கணக்குச் சீட்டுகள். ரபாயாமா என்ற ஒருவர், அவர் மகன் அகிகாம், அகிகாமின் ஐந்து மகன்கள் என்று ஒரே குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு அதில் பின்தொடர முடிகிறது. பேரன்களில் ஒருவன் பெயர் ஆகாய் (தீர்க்கதரிசி ஆகாய் இல்லை, இவன் வேறு). சிறைப்பட்டு வந்த இடத்தில் உழுது, விதைத்து, கடன் வாங்கி, கடன் கட்டி, பிறந்த பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய நாமத்தைச் சேர்த்துப் பெயர் வைத்து அந்த ஜனம் வாழ்ந்திருக்கிறது.

எனக்கு இந்தச் சீட்டுகள்மேல் தனிப் பிரியம் உண்டு. காத்திருப்பவர்களின் விசுவாசம் வெளியே பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இவற்றைத்தான் காட்டுவேன். பெரிய சாட்சி மாதிரி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விதைக்கிற காலத்தில் விதைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எகொனியா ராஜாவின் கதையையும் பாருங்கள். மூன்று மாதம் ஆண்டு, 18 வயதில் பாபிலோனுக்குப் போனவன். அவனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு, பாபிலோன் அரண்மனையில் தோண்டியெடுத்த பலகைகளில் இருக்கிறது. அதில் ஒன்று கி.மு. 592-ஐச் சேர்ந்தது. 37-ஆம் வருஷத்தில்தான் சிறையிலிருந்து விடுதலையானான் என்று 2 இராஜாக்கள் கடைசி அதிகாரம் சொல்கிறது. அப்போது அவனுக்கு 55 வயது இருக்கும். அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை, சிங்காசனமும் கிடைக்கவில்லை. மனுஷக் கணக்கில் வீணாய்ப்போன வாழ்க்கை. மத்தேயு முதலாம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனபின்பு எகொனியா சலாத்தியேலைப் பெற்றான், சலாத்தியேல் சொரொபாபேலைப் பெற்றான் என்று போய், அந்த வரிசை யோசேப்பிடமும் மரியாளிடமும் வந்து சேர்கிறது. இயேசுவின் வம்சவரலாறு அந்தக் காத்திருப்பின் நடுவிலேதான் ஓடுகிறது. எகொனியாவுக்கு அது தெரியாது. அவன் கைக்கு வந்தது அன்றன்றைய எண்ணெய்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நெருடல் வரும் என்று தெரியும். கடிதம் "கல்யாணம் பண்ணுங்கள்" என்கிறதே, எனக்கு அமையாததுதானே பிரச்சினை என்று கேட்பீர்கள். அந்தக் கடிதத்தை எழுதியவரைப் பாருங்கள். எரேமியா கல்யாணம் ஆகாதவர். நீ பெண்ணை விவாகம்பண்ணவேண்டாம், உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் இருக்கவேண்டாம் என்று 16-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அவருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு இல்லாத ஒன்றை மற்றவர்களுக்கு ஆசீர்வாதமாகச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவர் எழுதிய எழுபது வருஷத்தின் முடிவையும் அவர் பார்க்கவில்லை. சொந்த ஜனங்களே அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் கர்த்தர் என்ன நினைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிற யாரையும் நம்பவும் வேண்டாம். கல்யாணம் ஆகாத ஒருவரிடம் தேவன் ஒரு தலைமுறையையே தாங்குகிற வார்த்தையைக் கொடுத்து வைத்திருந்தார் என்பதை மட்டும் பாருங்கள். நோக்கம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்கும் என்று நம் வீடுகளில் பேசுகிறார்களே, எரேமியாவிடம் அது எடுபடாது.

அப்படியானால் நோக்கம் எங்கே இருக்கிறது? காத்திருக்கிற காலத்தைத் தாண்டி, வேலையும் கல்யாணமும் வந்தபிறகு நோக்கம் காத்திருப்பதாக நாம் நினைக்கிறோம். கடிதமோ அதை 7-ஆம் வசனத்திலேயே, மாட்டிக்கொண்ட ஊரிலேயே வைக்கிறது. அதுவும் எந்த ஊர்? அவர்களைச் சிறைபிடித்த ஊர். அந்த ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறார்.

உங்களுக்கு அந்த ஊர் இப்போது இருக்கிற பள்ளிக்கூடம். "இது தற்காலிகம்தான், அரசு வேலை வந்ததும் போய்விடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள், நல்லதுதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். மற்றவர்கள் சத்தமாய் வாசிக்கும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும், புத்தகத்தைப் புரட்டுவதில் ஒரு வரி பிந்தும், தன் முறை வரும்போது தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று கேட்கும். நீங்கள் ஆசிரியர், இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த ஐந்தாம் வகுப்பு ஒரு முறைதான். இந்த வருஷம் நீங்கள்தான் அதன் டீச்சர். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால், உங்களுக்கான நோக்கத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் இருக்காது.

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றால் குறைந்த சம்பளத்தை வாய்மூடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. தாளாளரிடம் போய் மரியாதையாக, நிமிர்ந்து, சம்பள உயர்வு கேட்கலாம். கேட்க வேண்டும். அவருக்காக ஜெபமும் பண்ணலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

காத்திருப்பு என்றாலே பிரசங்கங்களில் ஆதியாகமத்து யோசேப்பு வந்துவிடுவார். குழி, சிறை, அப்புறம் அரண்மனை. உண்மையான சரித்திரம்தான். ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், கேட்கிறவர்கள் அரண்மனையைத்தான் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. ஆதியாகமம் 40-ல், சிறையில் ஒரு காலைநேரம். பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் கலங்கிப்போய் இருக்கிறார்கள். யோசேப்பு உள்ளே வந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு உங்கள் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது என்று கேட்கிறான். செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடக்கிறவன், மற்றவன் முகம் வாடியதைக் கவனிக்கிறான். பிறகு நடந்ததெல்லாம் அந்த விசாரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதே அதிகாரத்தில், நீர் வாழ்வடையும்போது என்னை நினைத்து, பார்வோனிடத்தில் சொல்லி, என்னை இங்கிருந்து விடுவியும் என்றும் கேட்கிறான். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவில்லை. கேட்டும், அந்த ஆள் மறந்துபோய் இரண்டு வருஷம் போனது. ஆகவே தெரிந்தவர்களிடம் வேலைக்குச் சொல்லிவைப்பது, தேர்வுக்குப் படிப்பது, வரன் விஷயத்தில் நம்பிக்கையான அக்கா ஒருவரிடம் பேசிவைப்பது எல்லாம் அவிசுவாசம் என்று நினைக்காதீர்கள்.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "முறுமுறுக்கக் கூடாதே என்று பயந்து, ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். சங்கீதம் 13 எடுத்த எடுப்பிலேயே, கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" திரும்பத் திரும்ப வருகிறது. இது ஆலயத்தில் பாடுவதற்காகத் தொகுத்த பாட்டு. அதாவது, இப்படிக் கேட்க ஜனங்களுக்குத் தேவனே சொற்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். முறுமுறுப்பவன் தேவனைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறான். சங்கீதக்காரன் அதே பாரத்தைத் தேவனிடமே கொண்டுபோய் இறக்குகிறான். நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும் என்று நீதிமொழிகள் 13:12-ம் ஒளிக்காமல் சொல்கிறது. இளைத்துப்போன இருதயத்தோடு போய் நிற்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே ஒரே விண்ணப்பத்தை மூன்று தரம் ஏறெடுத்தார். சங்கீதம் 13-ஐ ஒரு வாரம் சத்தமாய் வாசித்துப் பாருங்கள். கடைசி இரண்டு வசனத்துக்கு மனம் ஒத்துழைக்காத நாளில் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. காத்திருப்பவர்களைத் தேடி வருகிற அனனியாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் வேலை, இந்த வருஷத்துக்குள் கல்யாணம் என்று தேதி போட்டுச் சொல்வார்கள். கூடவே ஒரு விசேஷக் காணிக்கை கேட்பார்கள். தவித்துப்போய் இருக்கிற மனம் அதற்கு நீளும், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தத் தேதி கடந்துபோகும்போது அவர் வேறு ஊரில் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பார், உங்களுக்குத்தான் "என் விசுவாசம் குறைவோ" என்ற கேள்வி மிஞ்சும். தேவனுடைய தயவுக்கு விலைப்பட்டியல் கிடையாது. காணிக்கை கொடுக்க மனமிருந்தால் உங்கள் சபையில் கொடுங்கள், பள்ளியில் பீஸ் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

கடிதம் சொல்கிறபடி வாழ்ந்தவர் யாராவது நம் பக்கத்தில் உண்டா என்று கேட்டால், திருநெல்வேலிப் பக்கத்தில் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைச் சொல்வேன். அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். கோவில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்க்கும் பணியை டோனாவூரில் கட்டி எழுப்பினார். 1931-ல், வேலைக்காகப் போன இடத்தில், களக்காட்டில், ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சரியாகிவிடும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள், அவரும் ஜெபித்தார். சரியாகவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, சுமார் இருபது வருஷம், பெரும்பாலும் டோனாவூரில் ஓர் அறைக்குள்தான். அந்த அறையிலிருந்தே பிள்ளைகளைப் பார்த்தார், விசாரித்தார், கடிதங்கள் எழுதினார், பல புத்தகங்களும் எழுதினார். வியாதியில் கிடப்பவர்களுக்கு அவர் எழுதியவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. தானே படுக்கையில் கிடந்து எழுதியதால்தான் அவற்றில் அந்த நெருக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் ஜெபித்துக் கேட்ட சுகம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று எபிரெயர் 11:39 சொல்வது எனக்கு இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. அவர்கள் காத்திருந்தது கிறிஸ்துவுக்காக. நாம் கேட்கிற வேலையும் கல்யாணமும் நல்லவைதான், ஆனால் அவையே நம் நம்பிக்கையின் முடிவு என்று அந்த அதிகாரம் ஓரிடத்திலும் சொல்வதில்லை.

இனி நடைமுறைக்கு. அட்டையைப் பீரோவிலிருந்து எடுக்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில் 7-ஆம் வசனத்தை உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். எரேமியா 28, 29, 32 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். 32-ல் எருசலேம் முற்றுகையில் இருக்கும்போது, தானும் காவலில் இருக்கும்போது, எரேமியா 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கிறார். எதிரி வாசலில் நிற்கும்போது நிலம் வாங்குகிறவர் எப்படிப்பட்ட நம்பிக்கைக்காரர் என்று அதில் பாருங்கள்.

தனியாகக் காத்திருக்க வேண்டாம். கடிதம் ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்டது, ஒருவருக்கு இல்லை. சபையில் உங்களைப் போலவே காத்திருக்கும் இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஓர் அக்கா, மகன் குடியைவிட்டுத் திரும்பக் காத்திருக்கும் ஓர் அம்மா இருக்கலாம். மாதம் ஒரு நாள் யார் வீட்டிலாவது கூடி, டீ குடித்து, ஒருவருக்காக ஒருவர் பெயர் சொல்லி ஜெபம் பண்ணுங்கள். அறிவுரை சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தூக்கமில்லாத ராத்திரிகள் தொடர்ந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் சாவு கேட்டபோது தேவன் முதலில் அனுப்பியது தூக்கமும் சாப்பாடும்தான். அதற்கு மருத்துவம் தேவைப்படுகிற நேரமும் உண்டு, மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை.

கல்யாண வீடுகளில் "உனக்கு எப்போ?" என்று கேட்கும் அத்தைமாருக்குப் பதில் கேட்டிருந்தீர்கள். "ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் அத்தை, வரும்போது முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்" என்று சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள். விளக்கம் சொல்ல நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை. வரன் வந்தால் நன்றாக விசாரித்துப் பாருங்கள். மனம் ஒப்பாவிட்டால், வயதாகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதிக்க வேண்டாம். அப்பாவிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், உங்கள் ஆயரம்மாவையோ வீட்டில் மதிப்புள்ள ஒரு பெரியவரையோ கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடுத்த வேலை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுங்கள், கடைசித் தேதிவரை இழுக்காதீர்கள்.